பேசும் பிள்ளை ஏன் எழுத மறுக்கிறது?



நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், மாணவர் தம் கைப்பட எழுத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குடும்பத்தைப் பற்றியும், மேற்கொண்டு படிக்க விரும்புவதைப் பற்றியும் அரைப் பக்கம் எழுத வேண்டும். வருகின்ற விண்ணப்பங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது அந்த அரைப் பக்கம்தான். சிலவற்றில் வாப்பாவின் கையெழுத்து இருக்கும். சிலவற்றில் நெட் சென்டரில் டைப் அடித்து ஒட்டிய தாள் இருக்கும். அதே பிள்ளையை நேர்காணலில் உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்டால், கடலுக்குப் போகும் மாமாவைப் பற்றியும், நர்சிங் படிக்கும் ஆசையைப் பற்றியும் தடையில்லாமல் பேசுகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வீட்டில் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பேசத் தெரிந்த பிள்ளை எழுத மறுக்கிறது என்றால், அங்கே சோம்பல் அல்லாத வேறு ஏதோ ஒன்று இடறுகிறது என்று பொருள். அது என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பின் வீட்டிலும் மதரஸாவிலும் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எழுதத் தெரியாமல் போனால் என்ன நஷ்டம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் குமரி மாவட்டத்திற்கு, 91.75 சதவீதம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெயர் எழுதத் தெரிவது வேறு, நினைத்ததை எழுதத் தெரிவது வேறு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்வறையில் யாரும் வாய்மொழியாகக் கேள்வி கேட்பதில்லை. மூன்று மணி நேரத்தில் தாளில் வந்தது மட்டுமே மதிப்பெண். பாடம் தெரிந்தும் எழுதி முடிக்காமல் 35-ஐத் தொடாத பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு.

தேர்வோடு இது முடிவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு, காவல் நிலையத்தில் ஒரு புகார், வங்கியில் ஒரு விளக்கக் கடிதம், வெளிநாட்டில் சம்பளம் தராத முதலாளி மீது தூதரகத்துக்கு ஒரு முறையீடு என்று எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். எழுத வராதவர் தம் நியாயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் எழுதியதில் கையெழுத்துப் போடுகிறார். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். எழுத்து நம் மார்க்கத்தில் அலங்காரத்துக்காகச் சொல்லப்பட்டது அன்று. ஒருவரின் உரிமை பறிபோகாமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்டது.

எழுத்து ஒரே வேலை அன்று

ஒரு பிள்ளை ஒரு வரி எழுதும்போது நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது கையின் வேலை: பென்சிலைப் பிடிப்பது, அழுத்துவது, கோட்டில் நிறுத்துவது. இரண்டாவது எழுத்தின் வேலை: எந்த ஒலிக்கு எந்த வடிவம், ர வருமா ற வருமா என்று தேடுவது. மூன்றாவது மொழியின் வேலை: வீட்டில் பேசும் சொல்லை ஏட்டில் எழுதும் சொல்லாக மாற்றுவது. நான்காவது கருத்தின் வேலை: எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று யோசிப்பது. பெரியவர்களுக்கு முதல் மூன்றும் பழகிவிட்டதால் நான்காவது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. பிள்ளைக்கு நான்கும் ஒரே நேரத்தில் தலையில் ஏறுகின்றன. ஒன்று இடறினாலும் மற்ற மூன்றும் நின்றுவிடும்.

இந்த நான்கும் தனித்தனி வேலைகள் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் வணிகம் செய்து வாழ்ந்தவர். அவர் பிறந்தபோது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-இல்தான். ஆகவே அவர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் அவருடைய வீட்டுப் பேச்சாக இருந்தது. தமிழ் எழுத்து கைக்குப் பழகியதாக இல்லை. மலையாள எழுத்தில் அவர் எழுதியதைத் தமிழில் எழுதியெடுக்கப் பிறர் உதவினார்கள். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' அப்படித்தான் தமிழுக்கு வந்தது. 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தமிழ் எழுத்து பழகும் வரை வாயைத் திறக்காதே என்று யாராவது அவரைத் தடுத்திருந்தால், நம் கடற்கரையின் கதை எழுதப்படாமலே போயிருக்கும்.

அவருக்கு முன்பே இடலாக்குடியில் 1874-இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரும் சிறுவயதில் மலையாளம் படித்தவர்தான். பின்னர் கோட்டாற்றில் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் கற்றார். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டும் அளவுக்கு அந்தத் தமிழ் வளர்ந்தது. நம் பாட்டிமார்களில் பலர் தமிழ் எழுத்து தெரியாமலே, அரபுத்தமிழில் கடிதம் எழுதியதையும் பலர் அறிவீர்கள். எழுத்து வடிவம் தாமதமாக வரலாம், வேறு வழியாகவும் வரலாம். சொல்வதற்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்றால், அதை வெளியே கொண்டுவர வழி உண்டு.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக உள்ள சுமை

நம் பிள்ளை காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக அரபு எழுதுகிறது. அங்கே 28 எழுத்துகள். சொல்லின் தொடக்கத்தில், நடுவில், இறுதியில் ஒவ்வொன்றும் வடிவம் மாறும். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் போய் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறது. அங்கே உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. அடுத்த பாடவேளையில் ஆங்கிலம். 26 எழுத்துகளுக்குப் பெரியது, சிறியது என்று இரண்டு வடிவம். மூன்று எழுத்து முறைகளை ஒரே நாளில் கையாளும் ஏழு வயதுப் பிள்ளையை, கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது என்று ஏசுவதற்கு முன், இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சுமை அதிகம் என்பதற்காக எதையும் விட்டுவிட வேண்டியதில்லை. பழகக் கூடுதல் காலம் ஆகும் என்பதை ஒப்புக்கொண்டால் போதும்.

கொரோனா காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. பென்சில் பிடித்துப் பழக வேண்டிய ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலம் அப்படியே போயிற்று. அதைச் சரிக்கட்டவே அரசு 2021-இல் இல்லம் தேடிக் கல்வியையும், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளில் முதல் வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து மேல் வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பெரிய வகுப்பில் இருக்கிறான், இன்னுமா எழுத வரவில்லை என்று கேட்பதில் பயனில்லை. விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்குவதே வழி.

எது இடறுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று சோதனை

இவற்றை வீட்டிலேயே செய்யலாம். வேறு வேறு நாளில், பிள்ளை களைப்பில்லாமல் இருக்கும்போது செய்யுங்கள். பரீட்சை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று: பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். நேற்று நடந்ததையோ, பார்த்த கல்யாணத்தையோ சொல்லச் சொல்லி அப்படியே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள். சொன்னது கோர்வையாக இருந்தால் கருத்தில் குறை இல்லை. குறை கையிலோ எழுத்திலோ இருக்கிறது.

இரண்டு: பாடப்புத்தகத்தில் ஐந்து வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதும்போதே கை வலிக்கிறது என்றாலோ, விரல் வெளுக்க அழுத்தினாலோ, மூன்றாம் வரியில் எழுத்து கோட்டை விட்டுப் போனாலோ இடறுவது கை.

மூன்று: தெரிந்த சொற்களாக ஒரு பத்துச் சொல் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பார்த்து எழுதும்போது சரியாக வந்த எழுத்து, கேட்டு எழுதும்போது தடுமாறினால் இடறுவது எழுத்தும் ஒலியும் சேரும் இடம்.

மூன்றிலும் தேறிவிட்டு, தானாக எழுதச் சொன்னால் மட்டும் மறுக்கிறது என்றால், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அல்லது பயம். நாம் பார்த்தவரை பெரிய பிள்ளைகளிடம் பயமே அதிகம்.

கைக்கு

சிறு பிள்ளைகளுக்கு எடுத்தவுடன் நோட்டு வேண்டாம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் தொடங்கினார்கள். நமக்கோ கடற்கரையே இருக்கிறது. வீட்டில் தாம்பாளத்தில் பரப்பிய மணலோ அரிசி மாவோ போதும். அழுத்தாமல் பெரிதாக எழுதிப் பழகிய பின் தடித்த பென்சில், அகலமான கோடு போட்ட நோட்டு. மடியில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதும் பழக்கம் மதரஸாவிலும் வீட்டிலும் உண்டு. முழங்கை தாங்கும் உயரத்தில் ஒரு சிறு பலகை இருந்தாலே கை வலி பாதி குறையும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது வெறுப்பை வளர்க்கும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலக்கையால் உண்பது நபிவழி. அதை அன்போடு பழக்குகிறோம். ஆனால் பென்சிலைப் பிடுங்கிக் கை மாற்றுவதும், இடக்கையில் அடிப்பதும் அந்தப் பிள்ளைக்கு எழுத்தையே வெறுக்கச் செய்துவிடும். இடக்கையால் தமிழ் எழுதும்போது எழுதிய வரி மீதே கை நகர்வதால் தாள் அழுக்காகும். அரபு எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. தாளைச் சற்று வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் தமிழிலும் சரியாகும். மனதில் ஐயம் இருப்பவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் கையில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எழுத்துக்கும் மொழிக்கும்

"எனக்க உம்மா" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது தவறு செய்யவில்லை. தான் பேசும் தமிழை உண்மையாக எழுதியிருக்கிறது. முதல் தடவை அப்படியே எழுதட்டும். எழுதி முடித்த பின், ஏட்டில் எழுதும்போது "என் உம்மா" என்று எழுதுவோம் எனப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். இரண்டும் தமிழ்தான், இடம்தான் வேறு என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும். வீட்டுப் பேச்சைக் கேவலம் என்று சொன்னால், பிள்ளை தன்னிடம் இருக்கும் ஒரே முதலை இழந்துவிடும்.

பிழை திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் ர, ற மட்டும். அடுத்த வாரம் ல, ள, ழ. ஒரு பக்கம் முழுவதும் சிவப்பு மையாகத் திரும்பி வந்தால், அதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அடுத்த முறை குறைவாக எழுதினால் குறைவாகச் சிவக்கும். இலக்கணத்தைத் தனியாக உருப்போடுவதால் எழுத்து வளர்ந்துவிடாது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. 2007-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கிரகாம், டொலரஸ் பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திட்டமிடுவது, எழுதுவது, திருத்துவது என்று படிப்படியாகக் கற்பிப்பதும், வாசித்ததைச் சுருக்கி எழுதப் பழக்குவதும், பிள்ளைகள் சேர்ந்து எழுதுவதும் நல்ல பலன் தந்தன. தனியே நடத்தும் இலக்கணப் பாடம் அந்தப் பலனைத் தரவில்லை.

கருத்துக்கு

எப்படித் தொடங்குவது என்று விழிக்கும் பிள்ளைக்கு உதவ, இத்தாலியில் ஒரு மலைக்கிராமத்தில் கையாண்ட முறை நமக்கும் பொருந்தும். பார்பியானா என்ற அந்த ஊரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிக்கூடம் தோற்கடித்து அனுப்பிய ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தம்மைப் போன்றவர்களைப் பள்ளி எப்படி நடத்துகிறது என்று ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு நூலே எழுதினார்கள். 1967-இல் அது வெளிவந்து பல மொழிகளுக்குப் போயிற்று. அவர்கள் செய்தது இதுதான். தோன்றுவதையெல்லாம் சிறு துண்டுத் தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு கருத்தாக எழுதினார்கள். பிறகு எல்லாவற்றையும் பெரிய மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதை அடுக்கி, திரும்ப வந்ததை நீக்கி, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தினார்கள். கடைசியில்தான் சேர்த்து எழுதினார்கள்.

இதை நம் மாலை நேரப் படிப்பு மையத்தில் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடிக்கும் பிள்ளை, ஊரைப் பற்றி ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுது என்றால் எழுதும். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு நான்கு துண்டு எழுதினால் இருபது வரி கிடைத்துவிட்டது. அதை அடுக்குவதுதான் கட்டுரை. கைடைப் பார்த்து மனப்பாடம் செய்த கட்டுரையில் இல்லாத ஒன்று அதில் இருக்கும்: அது அவர்களுடைய ஊராக இருக்கும்.

பயத்துக்கு

வகுப்பில் பேசினால் நூறு தடவை எழுது, வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் ஐம்பது தடவை எழுது. இம்போசிஷன் என்ற இந்தத் தண்டனையை நாம் எல்லாரும் அறிவோம். எதைத் தண்டனையாகக் கொடுக்கிறோமோ அதைப் பிள்ளை விரும்பாது. குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் மதரஸாக்களிலும் வீடுகளிலும் எழுத்தைத் தண்டனையாகக் கொடுப்பதில்லை என்று நாமே முடிவெடுக்கலாம்.

இன்னொன்று, எழுதுவதை வாசிக்க ஓர் ஆள் வேண்டும். முன்பு வளைகுடாவிலிருக்கும் வாப்பாவுக்கு உம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள்தான் கடிதம் எழுதினார்கள். பக்கத்து வீட்டு உம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். தபால்காரர் பதில் கொண்டுவரும் நாள் வரை காத்திருந்தார்கள். எந்தக் கட்டுரைப் பயிற்சியும் தராத எழுத்துப் பழக்கத்தை அந்தக் கடிதங்கள் தந்தன. இப்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினால் முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு எங்கள் வேண்டுகோள்: மாதம் ஒரு தடவை பிள்ளையிடம் ஒரு கடிதம் கேளுங்கள். தாளில் எழுதி, படம் எடுத்து அனுப்பட்டும். நீங்களும் கைப்பட எழுதிப் பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலில் பிழை திருத்தாதீர்கள். ஆட்டுக்குட்டி போட்டதாக எழுதியிருந்தால், குட்டி என்ன நிறம் என்று கேளுங்கள். அடுத்த கடிதம் தானாக வரும்.

இவையெல்லாம் செய்தும் வராவிட்டால்

நன்றாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை, எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகும் எழுத்துகளை இடம் மாற்றி எழுதினால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால், வாசிக்கவும் திணறினால், அது டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது அறிவுக் குறைவு அன்று. வளர்ப்பின் குற்றமும் அன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. முதலில் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அரசின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முறையாக மருத்துவச் சான்று பெற்றால், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். தேர்வு மாதத்தில் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். ஊர் என்ன சொல்லும் என்று மறைத்து வைப்பதால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

நாம் செய்ய வேண்டியது

பத்ருப் போரில் கைதானவர்களில் பிணைத்தொகை கொடுக்க இயலாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களை, ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டு விடுதலையாகுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த வரலாறு நாம் அறிந்தது. நம் ஜமாஅத்துகளில் கல்லூரியில் படிக்கும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் கூட வேண்டாம்; மூன்று பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மாலை, மஃக்ரிபுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். துண்டுத் தாளும் பென்சிலும் அறக்கட்டளை தரும். பிள்ளைகள் எழுதியதை மாதம் ஒரு முறை மதரஸாச் சுவரில் ஒட்டுவோம். மதிப்பெண் போட மாட்டோம், பரிசும் வைக்க மாட்டோம். ஜும்ஆவுக்கு வரும் பெரியவர்கள் ஒரு நிமிடம் நின்று வாசித்துவிட்டுப் போனால் அதுவே பிள்ளைக்குப் பரிசு.

விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். உம்மாமார்கள் இன்று இரவே முதல் சோதனையைச் செய்து பாருங்கள்: பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எழுதத் தெரியாத உம்மாவாக இருந்தால், மூத்த பிள்ளையை எழுதவைத்து நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். உங்கள் பிள்ளையிடம் சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியும். மற்றதைப் பொறுமையோடு பழக்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்